வாழைக்காயும் மூளையும்: டோபமைனை ஆளும் நொதிகள்

பொரியலுக்கு வாழைக்காய் நறுக்கும்போது உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும். நறுக்கிய துண்டுகள் உடனுக்குடன் அந்தத் தண்ணீரில் போய் விழும். சில வீடுகளில் அதில் கொஞ்சம் மோரும் கலந்திருக்கும். "ஏனம்மா இப்படி?" என்று கேட்டால், "இல்லாவிட்டால் கறுத்துப் போகும்" என்று பதில் வரும்.

ஏன் கறுக்கிறது? வாழையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. முழுக் காயில் அது செல்களுக்குள் தனியாக ஒதுங்கியிருக்கும். கத்தி பட்டதும் செல்கள் உடைகின்றன. வாழையிலேயே உள்ள ஒரு நொதியும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் டோபமைனைச் சந்திக்கின்றன. நொதியின் உதவியால் டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதிலிருந்து கருநிறப் பொருள்கள் உண்டாகின்றன. டோபமைன்தான் இந்தக் கறுப்புக்குக் காரணம் என்பது 1959-இல் கண்டறியப்பட்டது.

இதே டோபமைன் உங்கள் மூளையிலும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஆம், இருக்கிறது. இந்த வரியைப் படித்து முடித்துப் பக்கத்தைப் புரட்டக் கையை நீட்டுகிறீர்களே, அந்த அசைவு தடையின்றி நடக்க அது வேண்டும். மூளையில் அது குறைந்துபோனால் கை நடுங்கும், கால் நகர மறுக்கும்.

உங்கள் தெருவிலோ உறவினர் வீட்டிலோ அப்படி ஒரு பெரியவரைப் பார்த்திருக்கலாம். சும்மா இருக்கும்போது அவருடைய கை நடுங்கும். சட்டைப் பொத்தானைப் போட நெடுநேரம் ஆகும். கையெழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். நடக்கத் தொடங்கும்போது கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். முகத்தில் சிரிப்போ கோபமோ எளிதில் தெரியாது. இது சோம்பலுமல்ல, பிடிவாதமுமல்ல. 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்து எழுதினார். அதனால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

இவருக்கு டோபமைன்தானே குறைவு? வாழைப்பழம் கொடுத்தால் போதாதா? போதாது. ஏன் போதாது என்பதை அறிய, மூளையில் டோபமைனை உண்டாக்கும் நொதிகளையும், அழிக்கும் நொதிகளையும், அளவோடு வைத்திருக்கும் நொதிகளையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நொதி என்பது என்ன?

பாலில் உறை ஊற்றினால் தயிராகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறது. இரண்டிலும் வேலை செய்பவை நொதிகள். என்சைம் என்றும் இவற்றைச் சொல்வார்கள். நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். ஒரு வேதி மாற்றம் வேகமாக நடக்க அவை உதவுகின்றன, தாம் தீர்ந்துபோவதில்லை. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல, ஒவ்வொரு நொதியும் குறிப்பிட்ட சில பொருள்களின் மீது மட்டுமே செயல்படும். கொதிக்க வைத்தால் நொதியின் வடிவம் குலைந்து, அதன் வேலையும் நின்றுவிடும்.

உடலில் நடக்கும் வேதி மாற்றங்கள் பெரும்பாலும் பல படிகளைக் கொண்டவை. படிக்கு ஒரு நொதி உண்டு. எந்தப் படி எல்லாவற்றிலும் மெதுவாக நடக்கிறதோ, அதுவே மொத்த உற்பத்தியின் வேகத்தை முடிவு செய்யும். பத்துப் பேர் வரிசையில் நின்று செங்கல் கைமாற்றும்போது, அவர்களில் ஒருவர் மெதுவாக இருந்தால் மற்ற ஒன்பது பேரின் வேகத்தால் பயனில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

மூளையில் எங்கே?

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. இவற்றுள் டோபமைனைச் செய்யத் தெரிந்தவை மிகச் சிலவே. நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அதன் பெயர் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. 'கரும்பொருள்' என்பது அச்சொல்லின் பொருள். அங்கே டோபமைன் செய்யும் செல்கள் சில இலட்சமே இருக்கின்றன. ஆனால் அவற்றின் இழைகள் ஸ்ட்ரையேட்டம் என்னும் மேற்பகுதிக்கு நீண்டு, அங்கே ஆயிரமாயிரம் கிளைகளாகப் பிரிகின்றன. உடல் அசைவுகளைத் தொடங்குவதிலும் ஒழுங்குபடுத்துவதிலும் ஸ்ட்ரையேட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பார்க்கின்சன் நோயில் சிதைவன இந்தச் செல்களே.

இதற்கு அண்டையில் உள்ள வேறு சில டோபமைன் செல்கள் ஆர்வம், கற்றல் போன்றவற்றுக்கு உதவுகின்றன. டோபமைனை 'மகிழ்ச்சிப் பொருள்' என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. எதிர்பார்த்ததைவிட நல்லது கிடைத்தபோது இச்செல்கள் கூடுதலாகத் துடிக்கின்றன. எதிர்பார்த்தது கிடைக்காதபோது துடிப்பு குறைகிறது. ஆகவே இது முயற்சிக்கும் கற்றலுக்கும் உதவும் ஒரு செய்தி என்பதே பொருத்தம்.

இரண்டே படிகள்

டோபமைனுக்கு மூலப்பொருள் டைரோசின் என்னும் அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, மீன் முதலிய புரத உணவுகளிலிருந்து இது கிடைக்கிறது. இரத்தத்தின் வழியாக மூளைக்குச் சென்று நரம்புச் செல்லுக்குள் நுழைகிறது.

முதற்படியில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி டைரோசினோடு ஓர் ஆக்சிஜன் அணுவை இணைத்து எல்-டோபா என்னும் பொருளை உண்டாக்குகிறது. இந்நொதி வேலை செய்ய இரும்பு அணு ஒன்றும், துணைப்பொருள் ஒன்றும், ஆக்சிஜனும் தேவை. இதனை நகாட்சு, லெவிட், உடன்பிரண்ட் ஆகிய மூவரும் அமெரிக்காவில் ஆராய்ந்து 1964-இல் வெளியிட்டனர்.

இரண்டாம் படியில் டீகார்பாக்சிலேஸ் என்னும் மற்றொரு நொதி எல்-டோபாவிலிருந்து கரியமில வாயு மூலக்கூறு ஒன்றை நீக்கிவிடுகிறது. மிஞ்சுவது டோபமைன். இந்நொதிக்குத் துணையாக நிற்பது வைட்டமின் பி6.

இவ்விரண்டில் முதற்படிதான் மெதுவானது. இரண்டாவது நொதி மிகச் சுறுசுறுப்பானது. எல்-டோபா கையில் வந்த உடனே அதை டோபமைனாக்கி விடும். ஆகவே மூளையில் எவ்வளவு டோபமைன் உண்டாகும் என்பது முதல் நொதியின் கையில் இருக்கிறது. அந்நொதிக்கு வேண்டிய அளவு டைரோசின் பெரும்பாலும் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் பருப்பை இரண்டு பங்கு தின்றாலும் டோபமைன் இரண்டு பங்காகிவிடாது.

பையில் அடைத்தல், வெளிவிடுதல்

தயாரான டோபமைன் செல்லுக்குள் அலைய விடப்படுவதில்லை. இழையின் முனையிலுள்ள மிக நுண்ணிய பைகளுக்குள் அது அடைக்கப்படுகிறது. இங்கும் ஒரு நொதிக்கு வேலை உண்டு. பையின் சுவரிலுள்ள அந்நொதி, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.-யைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளைப் பைக்குள் ஏற்றுகிறது. அந்த அயனிகள் வெளியேறும்போது, அதே சுவரிலுள்ள ஒரு கடத்திப் புரதம் அவற்றுக்கு மாற்றாக டோபமைனை உள்ளே கொண்டுவருகிறது.

நரம்புச் செல்லில் மின்துடிப்பு எழுந்து இழையின் முனையை அடைந்ததும் அங்கே கால்சியம் அயனிகள் புகுகின்றன. அவை புகுந்ததும் சில பைகள் செல்லின் சவ்வோடு ஒட்டித் திறந்துகொள்கின்றன. உள்ளிருந்த டோபமைன் வெளியே கொட்டுகிறது. அது அடுத்த செல்லின் மீதுள்ள ஏற்பிப் புரதங்களைத் தொட்டுச் செய்தியைச் சேர்க்கிறது.

ஆகவே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். டோபமைன் வெளியேறும் அந்த நொடிக்கு ஆணையிடுவது கால்சியம். ஆனால் வெளியேற எவ்வளவு இருக்கிறது என்பதையும், வெளியேறியது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் முடிவு செய்வதில் நொதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

வேலை முடிந்த பின்

சொல்லிய செய்தி முடிந்ததும் டோபமைனை அங்கிருந்து அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த செய்தி அதோடு கலந்து குழம்பிவிடும். ஸ்ட்ரையேட்டத்தில் பெரும்பகுதி டோபமைனை, அதை வெளிவிட்ட செல்லே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதில் ஒரு பகுதி மீண்டும் பைக்குள் போகும். மிஞ்சியதை இரண்டு நொதிகள் சிதைக்கின்றன.

ஒன்று எம்.ஏ.ஓ. என்று சுருக்கமாக வழங்கும் மானோஅமீன் ஆக்சிடேஸ். இது செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்டிரியாக்களின் வெளிச்சுவரில் அமர்ந்திருக்கிறது. இதனை 1928-இல் மேரி ஹேர் என்னும் பெண் விஞ்ஞானி ஈரலில் கண்டுபிடித்தார். மற்றொன்று சி.ஓ.எம்.டி. என்னும் நொதி, டோபமைனோடு ஒரு மீதைல் தொகுதியைச் சேர்த்து அதைச் செயலிழக்கச் செய்வது. ஜூலியஸ் ஆக்சல்ராட் என்னும் அமெரிக்கர் இதை 1957-இல் கண்டார். நரம்புச் செய்திப் பொருள்களைப் பற்றிய பணிகளுக்காக அவர் 1970-இல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

இவ்விரு நொதிகளும் செயல்பட்ட பின் டோபமைன் ஹோமோவெனிலிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. மூளையின் நெற்றிப் பகுதியில் டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் புரதம் குறைவு. ஆகையால் அங்கே சி.ஓ.எம்.டி.-யின் வேலை பெரிது.

வரத்துக்காலும் கலிங்கும்

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது. ஏரி அதைத் தேக்கி வைக்கிறது. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாய்கிறது. மிகுந்த நீர் கலிங்கு வழியாக வழிந்தோடுகிறது. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் வரத்துக்காலின் அடைப்புப் பலகை. நுண்பைகள் ஏரி. கால்சியம் மதகைத் திறப்பது. எம்.ஏ.ஓ. கலிங்கு.

ஏரியில் நீர் உயர்ந்தால் பலகையை இறக்குவதும், வயலுக்குத் திறந்துவிட்டால் பலகையை ஏற்றுவதும் ஊரில் நீர் பாய்ச்சுபவரின் வேலை. செல்லுக்குள் இதைச் செய்பவர் யார்?

பலகையை இறக்குவது டோபமைனேதான். செல்லுக்குள் டோபமைன் மிகுந்தால், அது டைரோசின் ஹைட்ராக்சிலேஸிலுள்ள இரும்பைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. நொதி மந்தமாகிறது. உற்பத்தி குறைகிறது. தொழிற்சாலையில் செய்த பொருளே தொழிற்சாலை வாசலை அடைத்துக்கொள்வது போன்றது இது. இதனைப் 'பின்னூட்டத் தடை' என்பார்கள்.

பலகையை ஏற்றுபவை வேறு நொதிகள். அவற்றுக்குக் கைனேஸ்கள் என்று பெயர். செல் அடிக்கடி துடிக்கும்போது உள்ளே வரும் கால்சியமும் மற்றச் செய்திப் பொருள்களும் கைனேஸ்களை எழுப்பிவிடுகின்றன. அவை ஏ.டி.பி.-யிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியை எடுத்து டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் மீது ஒட்டுகின்றன. குறிப்பிட்ட ஓரிடத்தில் பாஸ்பேட் ஒட்டியதும், இரும்பைப் பற்றியிருந்த டோபமைனின் பிடி தளர்கிறது. நொதி மறுபடி சுறுசுறுப்பாகிறது. செலவான டோபமைன் ஈடுகட்டப்படுகிறது. வேலை முடிந்தால் பாஸ்பட்டேஸ் என்னும் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும்.

இன்னொரு காவலும் உண்டு. டோபமைனை வெளிவிடும் செல்லின் மீதே டோபமைன் ஏற்பிகள் சில இருக்கின்றன. வெளியே டோபமைன் மிகுந்தால் இவை உணர்ந்து, 'வெளிவிட்டது போதும், செய்ததும் போதும்' என்று செல்லுக்குள் செய்தி அனுப்புகின்றன. வெளியீடும் உற்பத்தியும் சேர்ந்தே குறைகின்றன.

இப்படி நொடிக்கு நொடி கூட்டியும் குறைத்தும் நடப்பதால்தான் நீங்கள் ஓடும்போதும், நிற்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும் கை கால்கள் சொன்னபடி கேட்கின்றன.

அசையாமல் கிடந்த முயல்கள்

மூளைக்கு டோபமைன் இன்றியமையாதது என்பது 1950-களின் நடுவில் யாருக்கும் தெரியாது. மற்றொரு பொருளைச் செய்வதற்கான இடைப்பொருள் என்றே அதை எண்ணியிருந்தார்கள்.

இந்தியாவில் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்ட செடி சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரிசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக அது பரவியது. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்சன் என்னும் விஞ்ஞானி ரிசர்ப்பினை முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் காதுகள் தொங்க, அசையாமல் கிடந்தன.

காரணம் இன்று நமக்குத் தெரியும். டோபமைனைப் பைக்குள் ஏற்றும் கடத்திப் புரதத்தை ரிசர்ப்பின் அடைத்துவிடுகிறது. ஏரியில் தேங்க முடியாத நீரெல்லாம் கலிங்கு வழியே போனால் என்ன ஆகும்? பைக்குள் புக முடியாத டோபமைனை எம்.ஏ.ஓ. சிதைத்துத் தீர்த்துவிடுகிறது. மதகைத் திறந்தாலும் பாய்வதற்கு ஒன்றுமில்லை.

1957-இல் கார்ல்சன் அந்த முயல்களுக்கு எல்-டோபாவைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்தன, காதுகளை நிமிர்த்தின, நடமாடின. மருந்தின் வேகம் தணிந்ததும் மீண்டும் பழைய நிலைக்குப் போயின. மூளையை அளந்து பார்த்தபோது, அதில் மீண்டிருந்தது டோபமைன் என்பது தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில், மூளையின் டோபமைனில் பெரும்பகுதி ஸ்ட்ரையேட்டத்தில் இருப்பதும் தெளிவாயிற்று.

அவர் ஏன் டோபமைனையே செலுத்தவில்லை? இங்கேதான் நம் வாழைப்பழக் கேள்விக்கு விடை இருக்கிறது. மூளையின் இரத்தக் குழாய்களைச் சுற்றி ஒரு தடுப்பு உண்டு. டோபமைனை அது உள்ளே விடாது. மேலும், நாம் உண்ணும் டோபமைனில் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் உள்ள நொதிகளால் வழியிலேயே மாற்றப்பட்டுவிடும். எல்-டோபா அப்படியல்ல. அது அமினோ அமிலம். அமினோ அமிலங்களை உள்ளே கொண்டுசெல்லும் கடத்திகள் அதையும் சுமந்து தடுப்பைக் கடத்திவிடும்.

வியன்னாவில் ஒரு விடியல்

முயலின் கதை மனிதனுக்கும் பொருந்துமா? ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் எரிங்கர், ஹார்னிகிவிச் என்ற இருவரும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தனர். ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டு 1960-இல் வெளியிட்டனர். நோய் வெளியே தெரியத் தொடங்கும்போதே அங்குள்ள டோபமைனில் பாதிக்கு மேல் போய்விடுகிறது என்று பின்னர் அறியப்பட்டது.

1961-இல் வியன்னாவில் பிர்க்மாயர் என்னும் மருத்துவர் நோயாளிகளுக்கு எல்-டோபாவை ஊசி வழியாகச் செலுத்தினார். படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்கார முடியாதவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த நிலையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அந்தப் பயன் சில மணி நேரமே நின்றது. ஆனாலும் வழி தெரிந்துவிட்டது.

வழி என்ன? மெதுவான முதல் நொதியைத் தாண்டிச் செல்வதுதான். வரத்துக்காலின் பலகைக்குக் கீழே வேறொரு வாய்க்காலில் நீர் கொண்டுவந்து சேர்ப்பதுபோல, முதற்படியின் விளைபொருளையே நேராகக் கொடுத்துவிடுவது. இரண்டாவது நொதிதான் சுறுசுறுப்பானது ஆயிற்றே, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சுறுசுறுப்பான நொதி மூளையில் மட்டுமா இருக்கிறது? குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. மாத்திரையாக விழுங்கிய எல்-டோபாவில் பெரும்பகுதியை அது மூளைக்கு வெளியிலேயே டோபமைனாக்கிவிடும். வெளியே உண்டான டோபமைன் உள்ளே போக முடியாது. குமட்டலையும் வாந்தியையும்தான் உண்டாக்கும்.

நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் கோட்சியாஸ், மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் பொறுமையாகக் கூட்டிக்கொண்டே போனார். நாளொன்றுக்குப் பல கிராம் வரை கொடுத்தார். நோயாளிகள் நீடித்த பயன் பெற்றதை 1967-இல் அறிவித்தார்.

பிறகு கார்பிடோபா என்னும் துணை மருந்து வந்தது. இது டீகார்பாக்சிலேஸ் நொதியைத் தடுப்பது. ஆனால் மூளைத் தடுப்பைக் கடக்க முடியாதது. ஆகவே மூளைக்கு வெளியே மட்டும் நொதியைக் கட்டிப்போடுகிறது; மூளைக்குள் இருக்கும் நொதியைத் தொடுவதில்லை. இதனால் எல்-டோபாவின் அளவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைக்க முடிந்தது. மூளைக்குள் உள்ள டோபமைன் விரைவில் சிதையாதிருக்க எம்.ஏ.ஓ.-வைத் தடுக்கும் மருந்துகளும், எல்-டோபா வழியில் வீணாகாதிருக்க சி.ஓ.எம்.டி.-யைத் தடுக்கும் மருந்துகளும் பின்னர் வந்தன. இன்று பெரியவர் விழுங்கும் மாத்திரைகள் பலவும் நாம் மேலே கண்ட நொதிகளைக் குறிவைத்தவையே.

கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவரான பால் கிரீன்கார்ட், புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டியும் கழற்றியும் நரம்புச் செல்கள் செய்தியைக் கையாளும் விதத்தை விளக்கியவர்.

பலகை இல்லாத வாய்க்கால்

எல்-டோபா நோயைத் தீர்க்கும் மருந்தன்று; குறையை ஈடுகட்டும் மருந்து. நடுமூளையின் செல்கள் சிதைவதை அது நிறுத்துவதில்லை. சில ஆண்டுகள் கழிந்தபின் பலருக்கு மருந்தின் பயன் ஏறி இறங்கத் தொடங்கும். ஒரு மணி நேரம் நன்றாக நடப்பார். அடுத்த மணியில் உறைந்து நிற்பார். சிலருக்குக் கை கால்கள் தாமாகவே நெளியும்.

இதற்குக் காரணம் என்னவென்று இப்போது உங்களாலேயே ஊகிக்க முடியும். அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்து வந்த முதல் நொதியை நாம் தாண்டிவிட்டோம். தேக்கி வைக்கும் பைகளைக் கொண்ட செல்களும் குறைந்துவிட்டன. ஆகவே இரத்தத்தில் மருந்து ஏறும்போது மூளையில் டோபமைன் ஏறுகிறது. மருந்து இறங்கும்போது அதுவும் இறங்குகிறது. மெதுவாக நடப்பது குறையென்று நாம் நினைத்த அந்த முதற்படிதான் உண்மையில் காவல்.

அதனால்தான் மருந்து நேரம் தவறக்கூடாது என்று மருத்துவர் வலியுறுத்துகிறார். அதனால்தான் பலருக்குச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பே மாத்திரையை விழுங்கச் சொல்கிறார். புரதம் மிகுந்த உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் எல்-டோபா ஏற வேண்டிய அதே கடத்திகளுக்குப் போட்டியிடும். பள்ளியிலிருந்து வந்ததும், "தாத்தா, நான்கு மணி மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?" என்று நீங்கள் கேட்பது சாதாரண உதவியன்று. அவருடைய மூளையில் நொதி செய்து வந்த வேலையில் ஒரு பங்கை நீங்கள் செய்கிறீர்கள்.

சென்னையில் ஒரு விதை

கடைசியாக ஒரு செய்தி. எல்-டோபா செடிகளிலும் உண்டு. நம் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியை அறிவீர்கள். அதன் காயின் சுனை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அந்தக் கொடியின் விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து, 1937-இல் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். அது மருந்தாகும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது. மூளையில் டோபமைன் இருப்பது தெரிவதற்கே அதன்பின் 20 ஆண்டுகள் ஆயின.

இதைப் படித்துவிட்டு யாரும் விதையைத் தேடிப் போக வேண்டாம். ஒரு விதையில் மருந்து எவ்வளவு இருக்கும் என்பது விதைக்கு விதை மாறும். அளவு மாறினால் என்ன ஆகும் என்பதைத்தானே இத்தனை நேரம் பார்த்தோம்?

செய்து பாருங்கள்

ஒரு வாழைக்காயின் தோலைச் சீவி, ஒரே பருமனுள்ள நான்கு வில்லைகளாக நறுக்குங்கள். முதலாவதைத் தட்டில் திறந்து வையுங்கள். இரண்டாவதைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மூன்றாவதன் மீது எலுமிச்சைச் சாற்றை நன்றாகத் தடவுங்கள். நான்காவதைப் பெரியவர் ஒருவர் துணையோடு மூன்று நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்துத் தட்டில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நான்கையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. மேற்கண்ட சோதனையில் எந்த வில்லையில் நொதியே செயலிழந்தது? எதில் ஆக்சிஜன் தடுக்கப்பட்டது?

2. ரிசர்ப்பின் கொடுப்பதற்கு முன்பே முயலின் எம்.ஏ.ஓ.-வைத் தடுத்திருந்தால் செல்லுக்குள் டோபமைனின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

3. கார்பிடோபா மூளைக்குள்ளும் நுழையக்கூடியதாக இருந்தால் அது நல்ல துணை மருந்தாகுமா? காரணம் கூறுக.

4. டைரோசின் ஹைட்ராக்சிலேஸைத் தடுக்கும் ஆற்றல் டோபமைனுக்கு இல்லாதிருந்தால் என்ன நேரும்?